நாலாவது ஊக்கு

1

அரசாங்கத்திலிருந்து எனக்கு வருகிற கடிதங்கள் எல்லாம் "அன்புள்ள சிறுகோடு" என்றுதான் தொடங்குகின்றன. என் கடவுச்சீட்டில் வளர்மதி என்று ஒரே ஒரு பெயர்தான். முன்னால் இருந்த அப்பாவின் எழுத்து இங்கே செல்லவில்லை. வந்த முதல் வாரம் நகராட்சி அலுவலகத்தில் ஒரு பெண் இரண்டு கட்டங்களைக் காட்டி, குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று கேட்டாள். எனக்கு இருப்பது ஒன்றுதான் என்றேன். அவள் அதைக் குடும்பப் பெயரில் போட்டுவிட்டு, சொந்தப் பெயருக்கு ஒரு சின்னக் கோடு கிழித்தாள். நாலு வருடமாக நெதர்லாந்தின் வடக்குப் பகுதியில், தட்டையான ஓர் ஊரில், சிறுகோடு வளர்மதியாகக் குடும்பம் நடத்துகிறேன்.

குடும்பம் என்றால் மூன்று பேர். என் கணவர் பாலு, அறந்தாங்கியில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். இங்கே பூக்கிழங்குகளைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் கிடங்கில் வேலை. பூக்கிழங்கையும் எண்ணித்தான் போடவேண்டும், கணக்கு எங்கும் கைவிடாது என்பார். மகள் யாழினிக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்டால் அவள் டச்சு மொழியில் பதில் சொல்வாள். நான் டச்சு மொழியில் கேட்டால் சிரிப்பாள்.

ஊரில் வல்லத்திராக்கோட்டைக்குள் போய் யாரைக் கேட்டாலும், மதி ஃபாரின்ல சயின்டிஸ்ட்டா இருக்கு என்பார்கள். அது உண்மைதான். ஆனால் இரண்டு வருட ஒப்பந்தம், பிறகு இன்னொரு இரண்டு வருடம் என்று தவணையில் சயின்டிஸ்ட். ஒப்பந்தம் தீரும் நாளில்தான் குடியிருப்பு அட்டையும் தீரும். இந்த முறை இரண்டும் அக்டோபர் கடைசியில் தீர இருந்தன. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான், ஆனால் அதற்கு ஓர் ஆடிப்பெருக்கையும் ஓர் ஊக்கையும் சொல்லியாக வேண்டும்.

2

முதலில் என் வேலை. ஊரில் இருக்கும் என் அக்கா இதைக் கேட்டபோதெல்லாம் நான் மழுப்பியிருக்கிறேன், எனவே இந்த முறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

மின்சாரம் என்பது எலெக்ட்ரான்களின் ஓட்டம் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒவ்வொரு எலெக்ட்ரானுக்கும் தற்சுழற்சி என்று ஒரு குணம் உண்டு. உண்மையில் எதுவும் சுற்றவில்லை. அது மேல் பார்த்தோ கீழ் பார்த்தோ நிற்கிற மிகச் சின்னக் காந்தம் என்று வைத்துக்கொண்டால் போதும். சில உலோகங்களைக் கடுமையாகக் குளிரவைத்தால், எலெக்ட்ரான்கள் மேல் பார்த்தது ஒன்று, கீழ் பார்த்தது ஒன்று என்று ஜோடி சேர்ந்துகொள்கின்றன. ஜோடி சேர்ந்த பிறகு அவற்றுக்குத் தடையே கிடையாது. அந்த உலோகத்துக்கு மீக்கடத்தி என்று பெயர்.

காந்தப் பொருளுக்குள் கதை வேறு. அங்கே எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நிற்கவேண்டும். மீக்கடத்தியிலிருந்து ஒரு ஜோடி காந்தத்துக்குள் வந்தால், மேல் பார்த்ததும் கீழ் பார்த்ததும் சேர்ந்து நடக்க முடியாமல் நாலு அடி போவதற்குள் பிரிந்துவிடும். அடி என்பது பேச்சுக்கு. உண்மையில் சில அணு அடுக்குகள்தான்.

இதற்கு ஒரு வழி உண்டு. நடுவில் இருக்கும் தடித்த காந்தத்துக்கு இரண்டு பக்கமும், அதற்குக் குறுக்காகத் திரும்பிய மெல்லிய காந்த அடுக்கு ஒன்று வைக்கவேண்டும். அந்தக் குறுக்கு அடுக்கைக் கடக்கும்போது ஜோடிகளில் சில திரும்பி, இரண்டும் ஒரே பக்கம் பார்க்கிற ஜோடியாக மாறிவிடும். அப்படி மாறியது தடித்த காந்தத்தைத் தாண்டி வெகுதூரம் போகும், தற்சுழற்சியையும் தடையில்லாமல் சுமந்துகொண்டு போகும். நாளைக்குச் சூடாகாத கணினி செய்வதற்கு இது உதவும் என்று விண்ணப்பங்களில் எழுதுகிறோம். எனக்கு அந்தக் கணினியைவிட அந்த ஜோடியின் மீதுதான் பிரியம்.

நாங்கள் ஒரே தகட்டிலிருந்து ஏழு மாதிரிகள் வெட்டினோம். நகக்கண் அளவு இருக்கும் ஒவ்வொன்றும். நடுவில் தடித்த கோபால்ட், இரண்டு பக்கமும் மெல்லிய நிக்கல் இரும்பு அடுக்கு, அதற்கும் வெளியே நியோபியம் என்ற மீக்கடத்தி. ஏழில் நாலாவது மாதிரியில் மட்டும் ஜோடிகள் கோபால்ட்டைத் தாண்டின. மற்ற ஆறும் செத்துக் கிடந்தன.

கட்டுரை எழுதி அனுப்பினோம். அதைப் பரிசீலித்தவர்களில் ஒருவர் நிதானமாகக் கழுத்தை அறுத்தார். உங்கள் நாலாவது மாதிரியில் கோபால்ட் அடுக்கில் எங்கோ ஓட்டை இருக்கலாம், ஜோடிகள் காந்தத்தைத் தாண்டவில்லை, ஓட்டை வழியாக நழுவியிருக்கின்றன, வேறொரு மாதிரியில் செய்து காட்டுங்கள் என்று எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான், அதனால்தான் ஆத்திரம் அதிகமாக வந்தது.

எங்கள் குழுவின் தலைவி மார்யா. ஐம்பத்தைந்து வயது இருக்கும், மழையானாலும் சைக்கிள்தான், மனதில் இருப்பதை அப்படியே சொல்லிவிடுவார். "இன்னொரு மாதிரி வேலை செய்தால் உன் ஒப்பந்தத்தை நீட்டக் கேட்பேன். செய்யவில்லையென்றால் கேட்கவே முடியாது," என்றார். மூன்று மாதம் ஆறு மாதிரிகளையும் மாற்றி மாற்றிக் குளிரவைத்தேன். ஒன்றும் அசையவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மாதிரிகள் இருக்கும் அறைக்குள் இரும்பு எதுவும் போகக்கூடாது. சாவி, கைபேசி, பெல்ட்டின் வார்ப்பூட்டு எல்லாவற்றையும் வாசலில் ஒரு தட்டில் போட்டுவிட்டுத்தான் நுழையவேண்டும். மெல்லிய அடுக்கு சொன்ன பேச்சைக் கேட்கிற வகை, பக்கத்தில் ஒரு சின்னக் காந்தம் வந்தாலே திரும்பிவிடும். கோபால்ட் பிடிவாதக்காரன், எளிதில் திரும்பாது. இந்த விதியைக் காப்பாற்றுகிற வாத்தியாரம்மா நான்தான். ஒருமுறை மார்யாவையே வாசலில் நிறுத்தி, கொண்டை ஊசியைக் கழற்றவைத்தேன்.

3

ஆடிப்பெருக்கு இந்த வருடம் எனக்கு ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. காலை ஏழு மணிக்குச் செல்வியக்கா வீடியோவில் வந்தாள். அங்கே பத்தரை மணி. அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள், திருவரங்குளத்தில் தையல்கடை வைத்திருக்கிறாள். நான் பள்ளிக்கூட விடுமுறை முழுக்க அவளிடம் கைவேலை செய்து வளர்ந்தவள்.

"ஏன்டி மதி, கயித்த மாத்திட்டியா?"

"இப்பத்தான்க்கா குளிச்சேன். வெள்ளாத்துல தண்ணி வந்துருக்கா?"

"மணலு வந்துருக்கு. நாங்க போர் தண்ணியில காப்பரிசி வச்சுக் கும்பிட்டாச்சு. நீ ஃபோன அங்கிட்டு வையி, நான் பாக்கணும்."

யாழினியை எழுப்பிக் கைபேசியைப் பிடிக்கச் சொன்னேன். அரைத்தூக்கத்தில் பிடித்துக்கொண்டாள். என் தாலிக்கயிற்றில் தொங்கும் ஊக்குகள் அவளுக்குப் பிடிக்காது. பள்ளிக்கு வரும்போது சட்டைக்குள் போட்டுக்கொள் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் போட்டுக்கொண்டேன்.

ஊரை விட்டுக் கிளம்பிய நாளில் அக்கா தன் கடை டப்பாவிலிருந்து நாலு ஊக்கை எடுத்து என் கயிற்றில் மாட்டினாள். போகிற ஊரில் எது கிடைக்கும் கிடைக்காது என்று தெரியாது, பொம்பளைக்கு ஊக்கு இல்லாமல் ஒரு நாள் ஓடாது என்பது அவள் கட்சி. அது சரிதான். முள் எடுக்க, நாடா கோக்க, அறுந்த செருப்பை வீடு வரைக்கும் ஓட்ட, எல்லாவற்றுக்கும் கை தானாகக் கழுத்துக்குப் போகும்.

பழைய கயிற்றிலிருந்து ஊக்குகளைக் கழற்றி எவர்சில்வர் தட்டில் வைத்தேன். புதுக் கயிற்றுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள்.

"நாலு குடுத்தேன். மூணுதான கெடக்கு?"

"எங்கயாச்சும் விழுந்துருக்கும்க்கா."

"ஊக்கு விழுகாதுடி. நீ எதுக்காச்சும் குத்திருப்ப."

யாழினி கைபேசியைத் தட்டின் பக்கம் சாய்த்தாள். "அம்மா, ஏன் இது மூணும் ஒட்டிக்கிட்டு இருக்கு?" என்றாள். தமிழில்தான் கேட்டாள், அதைக்கூட நான் அப்போது கவனிக்கவில்லை.

ஒன்றைத் தூக்கினேன். மற்ற இரண்டும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தன.

ஊக்கு இரும்பு. நாலு வருடமாக நான் குளிரவைக்கும் கருவியோடு இருக்கும் பெரிய காந்தத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறேன். என் மார்பில் தொங்கிய ஊக்குகள் ஒவ்வொன்றும் காந்தமாகியிருக்கின்றன. வாசலில் ஊரார் சாவியை எல்லாம் பிடுங்கிப் போட்ட நான், தினமும் நாலு காந்தத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன். கயிறு நூல், தாலி தங்கம், இரண்டும் காந்தத்துக்கு ஆகாது என்று முதல் நாளே யோசித்து முடித்தவள், ஊக்கை ஓர் உலோகம் என்று நினைத்ததே இல்லை. அது என் விரல் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

அப்புறம்தான் நாலாவது மாதிரியின் பெட்டிக்குள் என்றோ ஓர் ஊக்கு கண்ணில் பட்டது நினைவுக்கு வந்தது.

"என்னடி மொகம் இப்புடிப் போகுது?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா, அப்பறம் கூப்புடுறேன்," என்று புதுக் கயிற்றைக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். ஊக்கு மூன்றையும் தட்டிலேயே விட்டுவிட்டேன்.

4

ஆய்வகத்தில் ஆள் இல்லை. மாதிரிப் பெட்டிகள் ஏழும் வரிசையாக இருந்தன. தீப்பெட்டி அளவுப் பெட்டி, உள்ளே கறுப்புப் பஞ்சு, பஞ்சில் வெட்டிய பள்ளத்தில் மாதிரி, அதற்குப் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பெயர்த்தாள். மாதிரியின் நீளப் பக்கமும் தாளின் நீளப் பக்கமும் ஒரே திசையில் இருக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

நாலாவது பெட்டியைத் திறந்தேன். பெயர்த்தாளைப் பஞ்சோடு சேர்த்து என் ஊக்கு பிடித்துக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் ஒருமுறை குளிரிலிருந்து வெளியே எடுத்தபோது பனி வேர்த்து ஒட்டுத்தாள் உரிந்திருக்கும், நான் கழுத்திலிருந்து ஓர் ஊக்கை எடுத்துக் குத்தியிருப்பேன். குத்திய ஞாபகமே இல்லை. மாதிரிக்கும் ஊக்குக்கும் நடுவே அரை விரற்கடை இடம்கூட இல்லை.

நான் செய்த இரண்டாவது தவறு அங்கேதான். பதறிப்போய் ஊக்கைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மாதிரிக்குப் பக்கத்தில் காந்தம் கிடந்தால் எடு என்று ஊரார்க்கு ஓதி ஓதிப் பழகிய கை அது. பிடுங்கிய வேகத்தில் தாள் தாறுமாறாகக் கிழிந்தது, பஞ்சு ஊக்கின் துளைகளை உடனே மூடிக்கொண்டது. எந்தப் பக்கமாகக் குத்தியிருந்தது என்று பார்த்து வைக்கவில்லை.

சன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். நல்ல வெயில். கீழே கால்வாயில் யாரோ படகு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கட்டுரையின் ஒரே ஆதாரமான மாதிரி மாதக்கணக்கில் ஒரு காந்தத்தோடு படுத்திருந்திருக்கிறது. சொன்னால் அந்த ஒன்றும் போய்விடும், கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டியிருக்கும், அக்டோபரில் மூட்டை கட்டவேண்டும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஊக்கைக் கால்வாயில் போட இருபது அடி நடந்தால் போதும்.

மறைத்து என்ன, இப்படி ஓர் எண்ணம் வந்தது. வந்தது மட்டுமில்லை, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டும் போனது.

வீட்டுக்கு வந்து பாலுவிடம் சொன்னேன். அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "பையன் கணக்குல விடை மட்டும் சரியா வந்து வழி தப்பா இருந்தா நான் மார்க் போட்டதில்ல மதி," என்றார். பிறகு அவரே, "அக்டோபர்னா புள்ளைக்குப் பாதி வருசத்துல ஸ்கூல் மாறணும்," என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். பக்கத்து அறையில் யாழினி தோழி ஒருத்தியோடு டச்சு மொழியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த ஊர்தான் ஊர் என்பது எனக்கு அன்றைக்கு நன்றாகக் கேட்டது.

5

திங்கட்கிழமை காலை மார்யாவின் மேசையில் ஊக்கை வைத்தேன். மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டேன். வீட்டில் பதினைந்து வாக்கியம் தயார் செய்திருந்தேன், மூன்றுதான் வந்தது.

மார்யா ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயா?" என்றார். "என் கொண்டை ஊசியைக் கழற்றவைத்த நீயா?"

"நான்தான்."

எழுந்து போய்க் காப்பி எடுத்துக்கொண்டு வந்தார். எனக்குக் கொடுக்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு அவர் கேட்ட கேள்வி நான் எதிர்பார்த்தது அல்ல.

"எந்தத் திசையில் குத்தியிருந்தது?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மற்ற ஆறிலும் மெல்லிய அடுக்குகள் குறுக்காக நிற்காமல், கோபால்ட்டின் பக்கமே திரும்பிப் படுத்திருக்கவேண்டும். நாங்கள் வளர்த்த முறையில்தான் கோளாறு. நாலாவதில் மட்டும் ஊக்கு அவற்றைத் திருப்பியிருந்தால்? ஊக்கின் இழுப்புக்கு மெல்லிய அடுக்கு திரும்பும், கோபால்ட் திரும்பாது. ஊக்கு குறுக்காகக் கிடந்திருந்தால், நாங்கள் மூன்று மாதமாகத் தேடிய குறுக்கு அடுக்கை அது செய்து வைத்திருக்கிறது. நீளவாக்கில் கிடந்திருந்தால் இதெல்லாம் வெறும் பேச்சு, ஓட்டைக்காரர் சொன்னதுதான் சரி.

"தெரியவில்லை," என்றேன். "பிடுங்கிவிட்டேன்."

மார்யா கண்ணை மூடிக்கொண்டார்.

தாள் நீளமாக இருந்தது, எனவே ஊக்கையும் நீளவாக்கில்தான் குத்தியிருப்பாய், தாளைப் பிடிக்க அதுதானே இயல்பு என்றார். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. இருந்தும் செய்து பார்த்துவிடுவோம் என்று செத்துக் கிடந்த இரண்டாவது மாதிரிக்குப் பக்கத்தில் அதே ஊக்கை நீளவாக்கில் குத்தி வைத்தோம். மறுநாள் குளிரவைத்தோம். ஒன்றும் இல்லை.

"மதி, ஒருவேளை ஓட்டைதான்," என்றார் மார்யா. அவர் குரல் அவ்வளவு மென்மையாக நான் கேட்டதில்லை, அதுதான் பயமாக இருந்தது.

6

அன்று மாலை அக்காவே கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் போட்டுவிட்டு ஓடியது அவள் மனதில் கிடந்திருக்கிறது. மறைக்க முடியவில்லை. ஊக்கு மாதிரியோடு கிடந்தது, வேலை போகப்போகிறது என்று சொன்னேன்.

பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

"நான் மாட்டிவிட்ட ஊக்காலயா?"

"ஒன் மேல என்னக்கா இருக்கு?"

"நான்தானடி மாட்டுனேன். ஆசையா மாட்டுனேன்." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அக்கா அழுது நான் கேட்டது அப்பா போனபோதுதான். "போனாப் போகுது, கெளம்பி வந்துருங்க. இங்கிட்டு ஒனக்கு ஒரு காலேஜ் இல்லாமயா போயிரும்?"

அவளைத் தேற்றுவதற்காகத்தான் மேற்கொண்டு பேசினேன். ஊக்கு மட்டும் குறுக்கே இருந்திருந்தால் நல்லதாகவே முடிந்திருக்கும், நீளவாக்கில் குத்திவிட்டேன் போலிருக்கிறது என்றேன்.

"யாரு நீளவாக்குல குத்துனா?"

"நான்தான்க்கா. தாளு நீளமா இருந்துச்சு."

"நீ குத்திருக்க மாட்ட." அழுகை போய்விட்டது. கடைக்காரி குரல் வந்துவிட்டது. "எங்கிட்ட எத்தன கொட்டு வாங்கிருப்ப? நெடுக்கக் குத்துனா துணி நழுவும், மிஷின் ஊசி ஒடியும், குறுக்கத்தான் குத்தணும்னு தலையில கொட்டிக் கொட்டிச் சொல்லிக் குடுத்தேன். துணியா இருந்தா என்ன, தாளா இருந்தா என்ன? ஒங்கையி குறுக்கத்தான்டி போகும்."

"எனக்கு ஞாபகம் இல்லக்கா."

"ஒனக்கு எதுக்கு ஞாபகம்? இப்ப ஒரு தாள எடு. யோசிக்காமக் குத்து."

யாழினியின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மெத்தை உறையின் மேல் வைத்தேன். தட்டிலிருந்து ஓர் ஊக்கை எடுத்துக் குத்தினேன். குறுக்கே போனது. இன்னொரு தாள், அதுவும் குறுக்கே. பாலு பார்த்துவிட்டு அவர் ஒன்று குத்தினார். நீளவாக்கில் குத்தினார்.

"அவரு வாத்தியாரு," என்றாள் அக்கா.

7

மறுநாள் மார்யாவிடம் அக்காவின் வாக்குமூலத்தை அப்படியே சொன்னேன். ஒரு மனிதரின் கைப்பழக்கத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார். பிறகு ஒரு தாளையும் ஊக்கையும் நீட்டி, குத்து என்றார். குத்தினேன். சற்றுநேரம் பார்த்துவிட்டு, "சரி, நாலாவதை அழித்துவிடுவோம்," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்னதில் தப்பு இல்லை. நாலாவது மாதிரியின் அடுக்குகள் எல்லாவற்றையும் பெரிய காந்தத்தால் ஒரே பக்கம் திருப்பவேண்டும். ஓட்டை இருந்தால் அதனால் ஒன்றும் மாறாது, ஜோடிகள் ஓட்டை வழியாகப் போய்க்கொண்டேதான் இருக்கும். ஓட்டை இல்லையென்றால் ஓட்டம் செத்துவிடும். செத்ததை ஊக்கைக் குறுக்கே வைத்து மறுபடி பிழைக்க வைக்கவேண்டும். பிழைக்காவிட்டால் கையில் இருந்த ஒன்றும் போச்சு.

காந்தத்தின் பொத்தானை நான்தான் அழுத்தினேன். அவர் அழுத்துகிறேன் என்றார், நான் விடவில்லை. குளிரவைத்துப் பார்த்தபோது ஓட்டம் அடியோடு செத்திருந்தது. ஓட்டை இல்லை என்று மனதின் ஒரு பக்கம் துள்ளியது, மறு பக்கம் என் கையாலேயே முடித்துவிட்டேனே என்று கிடந்து அடித்துக்கொண்டது.

மாதிரியை வெளியே எடுத்து, பெட்டியில் வைத்து, தாளை வைத்து, ஊக்கைக் குறுக்கே குத்தினேன். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டோம். மறுநாள் காலை ஊக்கை எடுத்துவிட்டுக் குளிரவைக்க ஆரம்பித்தோம். நியோபியம் மீக்கடத்தியாக மாறவே மதியம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் காத்திருந்தோம். மார்யா சாப்பிடப் போகவில்லை.

மூன்று மணி சுமாருக்குத் திரையில் கோடு இறங்கித் தரையோடு ஒட்டிக்கொண்டது. தடை இல்லை. ஜோடிகள் கோபால்ட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

நான் அழுதேன். மார்யா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "மறுபடி அழி," என்றார். அழித்தோம், செத்தது. குறுக்கே வைத்தோம், பிழைத்தது. அடுத்த இரண்டு வாரத்தில், ஊக்குக்குப் பதிலாகச் சின்ன மின்காந்தம் ஒன்றைக் குறுக்கே வைத்து, மற்ற ஆறில் மூன்றைப் பிழைக்க வைத்தோம். இரண்டாவது மாதிரியும் அதில் உண்டு. மிச்ச மூன்று இன்னும் முரண்டு பிடிக்கின்றன. ஏன் என்று தெரியவில்லை. அதுவும் ஒரு வேலைதான்.

கட்டுரையைத் திருத்தி எழுதியபோது, ஊக்கை எப்படி எழுதுவது என்று தயங்கினேன். நடந்ததை நடந்தபடி எழுது என்றார் மார்யா. ஆடைக்குக் குத்தும் எஃகு ஊக்கு ஒன்று தவறுதலாக மாதிரியின் அருகே இருந்தது என்று செய்முறைப் பகுதியில் எழுதியிருக்கிறேன். அந்த ஊக்கை மார்யா தனிப் பெட்டியில் வைத்துப் பெயர்த்தாள் ஒட்டிவிட்டார். திருப்பித் தரமாட்டாராம்.

8

ஆகஸ்டு கடைசியில் ஒரு நாள் மார்யா என் மேசைக்கு ஒரு வெள்ளைப் பலகையைக் கொண்டுவந்தார். மாதிரி அறையின் வாசலுக்குப் புது அறிவிப்பு. சாவி, கைபேசி, கொண்டை ஊசி என்று டச்சு மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. கீழே கொஞ்சம் இடம் காலியாக இருந்தது.

"இங்கே உன் மொழியில் ஊக்கு பற்றி எழுது."

"இந்தக் கட்டடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே?"

"இந்தத் தவறைச் செய்யக்கூடியவளும் நீ ஒருத்திதான்," என்றார். "அழியாத மையில் எழுது. பலகையை நாலு திருகாணி போட்டு மாட்டப்போகிறார்கள்." அவ்வளவுதான், போய்விட்டார்.

பலகையைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பாதி தூரம் வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. இரண்டு மாதத்தில் போகப்போகிறவளுக்காக யாரும் பலகையில் திருகாணி போட மாட்டார்கள். சைக்கிளை நிறுத்தி, பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒப்பந்தத்தை இரண்டு வருடம் நீட்டிய கடிதம் அதற்கு ஒன்பது நாள் கழித்து வந்தது. "அன்புள்ள சிறுகோடு" என்றுதான் இருந்தது. கோபமே வரவில்லை.

என் கையெழுத்து பலகைக்கு ஆகாது. யாழினிக்குக் கோடு போட்ட மாதிரி எழுத்து வரும். சனிக்கிழமைதோறும் பாலு அவளை உட்காரவைத்துத் தமிழ் எழுதவைப்பார், அவளும் வேண்டா வெறுப்பாக எழுதுவாள். இதை எழுதித் தருகிறாயா என்று தயங்கிக்கொண்டே கேட்டேன். உடனே பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்ன எழுத?"

"ஊக்குகளைக் கழற்றி வைக்கவும்னு எழுது."

அவள் பலகையைப் பார்த்து யோசித்தாள். "இது ஒனக்கு மட்டுந்தானம்மா? அப்ப பெரியம்மா சொல்ற மாதிரி எழுதுறேன்," என்றாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் எழுதி முடித்துவிட்டாள். படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பியதும் அவளே. அக்கா தன் கடையில் நிற்பவர்களுக்கெல்லாம் அதைக் காட்டியிருக்கிறாள்.

இன்று காலை பலகை ஏறிவிட்டது. மூன்று மொழி, நாலு திருகாணி. வாசலில் நின்று, கழுத்திலிருந்து மூன்று ஊக்கையும் கழற்றித் தட்டில் போட்டேன். தட்டுக்கு மேலே, என் மகளின் கையெழுத்தில், கறுப்பு மையில் இருக்கிறது: "ஊக்கக் கழட்டி வச்சுட்டுப் போடி."

சரிக்கா என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.